வயதான காலத்தில் எந்த வீடு: சொந்த வீடா, பிள்ளை வீடா, பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டா, முதியோர் குடியிருப்பா?

கேள்வி கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் வருகிறது. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. கும்பகோணத்திலோ விருதுநகரிலோ முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடு. கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. மகன் சென்னையில், மகள் பெங்களூரில். "இன்னும் எத்தனை நாள் ரெண்டு பேரும் தனியா?" என்று தீபாவளிக்கு வரும்போதெல்லாம் பேச்சு எழுகிறது. தெருமுனைப் புரோக்கர் ஒருவர் வீட்டுக்கு விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விற்பதா, பூட்டுவதா, போவதா, இருப்பதா?

இங்கே பலரும் தவறுவது வழியைத் தேர்ந்தெடுப்பதில் அல்ல, வரிசையில். முதலில் வீட்டை விற்கிறார்கள், பிறகு எங்கே இருப்பது என்று பார்க்கிறார்கள். திரும்பப் பெற முடியாத காரியம் கடைசியில் வர வேண்டும். ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். விற்ற வீட்டை ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாங்க முடியாது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் கசப்பானது. இருவர் சேர்ந்து வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசி வருடங்களில் அதில் ஒருவர்தான் இருப்பார். நம் வீடுகளில் மனைவி வயதில் இளையவர் என்பதால் பெரும்பாலும் அந்த ஒருவர் அம்மாதான். கார் ஓட்டாத, வங்கி வேலையைக் கணவரிடமே விட்டுவிட்ட அம்மா அந்த இடத்தில் தனியாக இருக்க முடியுமா என்று ஒவ்வொரு வழிக்கும் கேட்டுப் பாருங்கள். அப்பா தனித்து நின்றால் கேள்வி வேறு: சமையலும், வேளைக்கு மாத்திரையும். இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் சில வருடங்களுக்குத்தான் தாங்கும். பிறகு இன்னொரு முறை வீடு மாற வேண்டி வரும், அதுவும் எண்பது வயதில்.

இரண்டாவது, இரவு இரண்டு மணி. 108 வந்து சேர எவ்வளவு நேரம், சிடி ஸ்கேனும் ஆஞ்சியோவும் செய்யும் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் கூட ஏறுவது யார். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பக்கத்தில் ஸ்கேன் இல்லாத ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போவதற்குள்ளேயே அதில் பாதி நேரம் கரைந்துவிடும்.

மூன்றாவது, மாதச் செலவு. சொந்த வீட்டில் வாடகை இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைப்பதும், பிள்ளை வீட்டில் எல்லாம் இலவசம் என்று நினைப்பதும் ஒரே தவறுதான்.

நான்காவது, ஒத்துவராவிட்டால் திரும்பும் வழி. ஐந்தாவது, பேச்சுத்துணை: நீங்கள் இரண்டு நாள் வாசலில் தென்படாவிட்டால் "என்ன ஆச்சு?" என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்கள். ஆறாவது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்துபோக இடம்.

| அளவுகோல் | சொந்த வீடு | பிள்ளையோடு | அருகில் தனி ஃப்ளாட் | முதியோர் குடியிருப்பு |
|---|---|---|---|---|
| ஒருவர் மட்டும் நின்றால் | மாடியில் நல்ல குடித்தனம் இருந்தால் ஓடும் | ஓடும். பகலில் தனிமை | ஓடும், பிள்ளை ஊர் மாறாதவரை | நன்றாக ஓடும் |
| இரவு அவசரம் | ஊரைப் பொறுத்தது | நல்லது | பத்து நிமிடத்தில் ஆள் | நர்ஸ் இருப்பாரா என்று கேட்க வேண்டும் |
| மறைந்திருக்கும் செலவு | பராமரிப்பு, ஆள் | பிள்ளையின் பெரிய வீட்டுக் கடன் | அட்வான்ஸ், வருடாவருடம் வாடகை உயர்வு | பராமரிப்புக் கட்டண உயர்வு, மறுவிற்பனை |
| திரும்பும் வழி | கேள்வியே இல்லை | சொந்த வீட்டை விற்காதவரை | வாடகை என்றால் எளிது | வாங்கியிருந்தால் கடினம் |
| பேச்சுத்துணை | அதிகம் | குறைவு | கொஞ்சம் கொஞ்சமாக வரும் | அதிகம், ஒரே வயதுக்காரர்கள் |
| பிள்ளைகள் வருகை | இடம் தாராளம் | ஒரு பிள்ளைக்கு நல்லது, மற்றவருக்குச் சங்கடம் | ஒரு குடும்பம் தங்கலாம் | விருந்தினர் அறை, கட்டணத்தோடு |

## இருக்கும் வீட்டிலேயே இருப்பது

நடமாட்டம் நன்றாக இருந்து, அரைமணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த ஐந்தாறு வருடத்துக்கு இதுவே சரி. ஆனால் வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு அல்ல.

வேலை பாத்ரூமில் தொடங்குகிறது. வயதானவர்கள் வீட்டுக்குள் விழும் முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று. ஈரம், படி, இருட்டு மூன்றும் அங்கேதான் சேர்கின்றன. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். வெஸ்டர்ன் கம்மோடின் உட்காரும் உயரம் தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம். பழைய மாடல்கள் இதைவிடத் தாழ்வு, எழுந்திருக்கும்போது முட்டி வாங்கும். பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பக் கூடாது, அது ஆளின் எடைக்குப் பொருத்தியதல்ல. கைப்பிடியை டைல்ஸோடு நிறுத்தாமல் பின்னால் உள்ள செங்கல் வரை ஆங்கர் போல்ட் இறக்கிப் பொருத்த வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சிறு விளக்குகள் இரண்டு.

பழைய பாத்ரூம் கதவுகள் பெரும்பாலும் நிலையோடு சேர்த்து இரண்டரை அடி. உள்ளே கிடைக்கும் வழி 26, 27 அங்குலம்தான். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழைய 32 அங்குலம் வேண்டும். இப்போது தேவையில்லை என்றாலும், டைல்ஸை உடைக்கும் வேலை நடக்கும்போதே நிலையையும் அகலப்படுத்திவிட்டால் பிறகு ஒருமுறை உடைக்க வேண்டியதில்லை.

வாசலில் சாய்தளம் போடப் பலரும் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலத்தில் மூன்று படி இருந்தால் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும், அவ்வளவு இடம் பல வீட்டு வாசலில் கிடையாது. ஆறடிக்குள் செங்குத்தாகப் போட்ட சாய்தளம் படியைவிட ஆபத்து. மழையில் வழுக்கும், சக்கர நாற்காலியைப் பிடித்து இறக்கவும் முடியாது. இடமில்லை என்றால் படிகளை நான்கு அங்குல உயரமாகக் குறைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைப்பது மேல்.

மாடியில் படுக்கை இருந்தால் கீழே கொண்டுவந்துவிட்டு, மாடியைத் தனிப் படி, தனி மின் மீட்டரோடு வாடகைக்கு விடலாம். அதிக வாடகை தருபவரைவிட வீட்டில் எந்நேரமும் ஒருவராவது இருக்கும் குடும்பமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், காலி செய்ய வைக்க வேண்டிய நாளில் கையில் காகிதம் இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள்: மொட்டைமாடித் தளத்தில் ஓதம், போர் மோட்டார் பழுது, செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு, தென்னை மரம் ஏற ஆள். தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை. மூன்று வருடச் செலவைக் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் 'வாடகை'. உதவிக்கு ஆள் வைத்தால் ஏஜென்சி சம்பளத்தோடு சாப்பாடு, படுக்க இடம், பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகும் வாரத்துக்கு மாற்று ஆள் எல்லாம் சேரும்.

வீடு இருக்கிறது, மாத வருமானம் இல்லை என்பவர்களுக்கு 2007 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தலைகீழ் வீட்டுக் கடன் உண்டு. 60 வயது முடிந்தவர் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம். உயிரோடு இருக்கும்வரை வீட்டில் குடியிருக்கலாம். இருவர் காலத்துக்குப் பின் வாரிசு கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், அல்லது வங்கி விற்றுக்கொண்டு மிச்சத்தைத் தரும். இங்கே இது பரவவில்லை. வங்கிகள் ஆர்வம் காட்டுவதில்லை, பிள்ளைகளுக்கும் பிடிப்பதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் கை நீட்ட விரும்பாதவர் கேட்டுப் பார்க்க வேண்டிய கதவு இது.

### பத்து நாளுக்காக ஐந்து அறை

பெரிய வீட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் "பொங்கலுக்கு எல்லோரும் வந்தால் இடம் வேண்டாமா?" என்பது. வருடத்தில் எல்லோரும் சேர்ந்து தங்கிய நாட்களைக் காலண்டரில் எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டைத் தாண்டாத வீடுகளே அதிகம். அந்த நாட்களுக்கு ஊரில் இரண்டு லாட்ஜ் அறை எடுப்பதற்கு ஆகும் செலவு, மாடி அறைகளைப் பூட்டி வைத்து ஓதம் பிடிக்கவிடும் செலவைவிடக் குறைவு. "அம்மா வீட்டுக்குப் போய் லாட்ஜிலா?" என்று முதல் வருடம் முகம் சுளிப்பார்கள். வீட்டில் சாப்பாடு, லாட்ஜில் தூக்கம் என்று பழகியபின் மருமகள், மருமகனுக்கு அதுவே வசதி என்று தெரிந்துவிடும்.

## பிள்ளை வீட்டோடு போய் இருப்பது

கைக்குழந்தை உள்ள வீட்டில் தாத்தா பாட்டிக்கு வேலையும் மதிப்பும் உண்டு. அந்தக் குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போனதும் நிலைமை மாறும். பகல் எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை மூன்றாவது மாடியில் டிவியும் நீங்களும்தான். இதைப் பிள்ளை யோசிப்பதில்லை, போகிறவர் யோசிக்க வேண்டும்.

இந்த வழி வெல்வது மூன்று சூழலில். ஒன்று, நினைவு மங்கத் தொடங்கி, ஒருவரைத் தனியே விடவே முடியாத நிலை. இரண்டு, பெற்றோரில் ஒருவர் மட்டும் இருப்பது. மூன்று, வீட்டில் கதவு மூடும் தனி அறையும் அதோடு ஒட்டிய பாத்ரூமும் இருப்பது. ஹாலில் திவான் போட்டுப் படுக்க வைக்கும் ஏற்பாடு மூன்று மாதம் தாங்கும், மூன்று வருடம் தாங்காது.

போகுமுன் பேசி முடிக்க வேண்டியவை: மாதம் எவ்வளவு தருவீர்கள் (பென்ஷன் சிறிதாக இருந்தாலும் ஒரு தொகை தருவது நல்லது, கேட்டு வாங்க வேண்டிய நிலை இரண்டு பக்கமும் வராது), காலை சமையல் யாருடையது, வேலைக்கார அம்மாவுக்கு யார் சொல்வது, உறவினர் வந்தால் எங்கே உட்கார்வது. அற்பமாகத் தோன்றும் இவைதான் சண்டையாகின்றன. சொத்துச் சண்டை பிறகு.

மகள் வீட்டில் தங்குவது பற்றிப் பல பெற்றோருக்கு இன்னும் தயக்கம். பாத்ரூமோடு தனி அறை மகள் வீட்டில் இருக்கிறது, மகன் வீட்டில் இல்லை என்றால் தயக்கத்தை விடலாம். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையில் சட்டம் மகன், மகள் என்று பிரிப்பதில்லை.

இதில் பெரிய பொறி பணம். "இங்கே விற்றுவிடுங்கள், அந்தப் பணத்தோடு மூன்று பெட்ரூம் ஃப்ளாட்டாக வாங்கிவிடலாம், உங்களுக்கும் ஓர் அறை" என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். நீங்கள் 40 லட்சம் போட்டால் அந்த அளவுக்கு உங்கள் பெயர் கிரயப் பத்திரத்தில் வர வேண்டும். வராவிட்டால் மற்ற பிள்ளைக்கு அது அண்ணனுக்குக் கொடுத்த பரிசு. வங்கிக்கு அது அடமானச் சொத்து. உங்களுக்கு அங்கே இருக்க எந்த ஆவணமும் இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளை என்றால் விசாவே முடிவு செய்துவிடும். அமெரிக்காவுக்குப் பார்வையாளராகப் போனால் வழக்கமாக ஒரு வருகைக்கு ஆறு மாதம். கனடாவின் சூப்பர் விசாவில் 2022 முதல் ஒரு வருகைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் பாலிசியில் படிக்க வேண்டிய முதல் வரி அதுதான்.

## பிள்ளை வீட்டுக்கு அருகில் தனி ஃப்ளாட்

நான்கில் எந்த வழிக்கு ஓட்டு என்று கேட்டால், 65 முதல் 75 வரை உள்ள தம்பதிக்கு இதுதான். ஒரே நிபந்தனை: முதல் இரண்டு வருடமாவது வாடகைக்கு. காரணம் எளிது, நீங்கள் நம்பி வருவது பிள்ளையின் வேலையை. அவருக்கு ஹைதராபாத்துக்கோ டொராண்டோவுக்கோ மாற்றல் வந்தால், மேடவாக்கத்தில் வாங்கிய ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் யாரையும் தெரியாமல் நீங்கள் இருப்பீர்கள்.

'அருகில்' என்றால் நடந்து பத்து நிமிடம். அதே வளாகம் என்றால் இன்னும் நல்லது. காரில் பதினைந்து நிமிடம் என்பது சென்னையில் மாலை ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம். அந்தத் தொலைவில் பேரன் தனியாக வர மாட்டான், சூடாகக் குழம்பும் வராது.

எந்தத் தளம் என்பது சென்னையில் ஒரு தர்மசங்கடம். படி ஏற வேண்டாம் என்று தரைத்தளம் எடுத்தால் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேல்தளம் எடுத்தால் லிஃப்ட், கரன்ட் போனால் அதுவும் இல்லை. முதல் மாடி, ஜெனரேட்டரில் ஓடும் லிஃப்ட், அது நின்றாலும் ஒரே ஒரு மாடிப் படி: இதுதான் நடுவழி. 2023-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். எதிர் வீட்டு வாட்ச்மேனிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ கேளுங்கள். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். பல சிறிய அப்பார்ட்மென்ட் லிஃப்டுகளில் நுழையாது, ஆளை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும்.

வாடகைச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் கூடலாம். அங்கேதான் பேரம். பெங்களூரில் பத்து மாதம் வரை கேட்பது பழைய வழக்கம், இப்போது குறைத்துப் பேச முடிகிறது. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் பிடித்துப்போய், வாங்கலாம் என்று முடிவானால்: 45 லட்சத்துக்கு மறுவிற்பனை ஃப்ளாட் என்றால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 4,05,000 ரூபாய் தனி. பழைய கட்டடத்தில் யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள், நாளை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பலம் அதுதான்.

இன்னொரு மறைந்திருக்கும் செலவு மருத்துவக் காப்பீடு. சில பாலிசிகளில் ஊரை மண்டலமாகப் பிரித்து பிரீமியம் வைக்கிறார்கள். சிறிய ஊர் மண்டலத்தில் எடுத்த பாலிசியோடு பெருநகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டி வரும். வீடு மாறும் மாதமே முகவரியையும் மண்டலத்தையும் மாற்றிவிடுங்கள்.

## முதியோர் குடியிருப்பு வளாகம்

அந்தக் கால முதியோர் இல்லம் அல்ல இது. கோவைப் பக்கம் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் வட்டாரத்திலும், சென்னைப் புறநகரிலும் இவை நிறைய வந்துவிட்டன. தனித்தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக்கூடம், வாரம் ஒருமுறை டாக்டர், கச்சேரி, கோயில். பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் கவனிக்க ஆள் இல்லை என்றால் முதல் அளவுகோலில் இதை மிஞ்சும் வழி வேறு இல்லை: தனித்து நிற்கும் அம்மாவுக்கு சாப்பாடு, துணை, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே இடத்தில்.

உள்ளே போக மூன்று விதம்: ஃப்ளாட்டை விலைக்கு வாங்குவது, பெரிய வைப்புத்தொகை கொடுத்து நீண்ட காலக் குத்தகை, மாத வாடகை. விளம்பரம் அதிகம் வருவது முதல் விதத்துக்கு. எச்சரிக்கையும் அதற்கே. இப்படிப்பட்ட ஃப்ளாட்டில் குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் 55 அல்லது 60 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைக்கு உரிமை வரும், குடியிருக்க முடியாது. விற்றால் வாங்குவோர் வட்டம் சிறியது. பூட்டிக் கிடக்கும் மாதங்களுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஓடும். அந்தக் கட்டணம் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரக்கூடும், சாப்பாட்டுக் கட்டணம் ஆள் கணக்கில் தனி.

போய்ப் பார்க்கும் நாளில் கேட்க வேண்டியவை: இரவு நர்ஸ் வளாகத்திலேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? ஆம்புலன்ஸ் அவர்களுடையதா? கடந்த மூன்று வருடத்தில் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறியது? (வாயால் சொன்னால் போதாது; பழைய ரசீது காட்டச் சொல்லுங்கள், குடியிருப்போர் காட்டுவார்கள்.) படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் முற்றினாலோ இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வெளியே போகச் சொல்வீர்களா? வெளியே போகச் சொல்லும் உரிமையை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மீன் சாப்பிடுபவர்கள் சமையல்கூடத்தை முதலிலேயே விசாரிக்கட்டும். பல வளாகங்களில் சைவம் மட்டும், ஃப்ளாட்டுக்குள்ளும் சமைக்கக் கூடாது என்பார்கள்.

இரண்டு வாரம் கட்டணம் கட்டித் தங்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் நாளில் அல்ல. வெறும் செவ்வாய், புதனில் சாப்பாடு எப்படி, மாலையில் யார் பேச வருகிறார்கள் என்று.

## மாறி மாறித் தங்குவது

"மூணு மாசம் சென்னை, மூணு மாசம் பெங்களூர், மிச்சம் ஊரில்" என்பது ஐந்தாவது வழி. பிள்ளைகளுக்குள் நியாயமாகத் தெரிவதால் பலரும் இதில் இறங்குகிறார்கள். 70 வயது வரை சரி. அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறிய வீடு மாறல்: மாத்திரை, கண்ணாடி, தலையணை, டாக்டர் எல்லாம் மாறும். இப்படித்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு டாக்டரை முதன்மையாக வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். ஊருக்கு ஊர் பிராண்ட் மாறி ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிடுவது நடக்கிற தவறு.

ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது, ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. பேரனையும் சேர்த்து மூன்று பேராகப் பதிந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது, தனி டிக்கெட் போடுங்கள். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான்.

## விற்கத்தான் வேண்டும் என்றால்

பிள்ளைக்கு எழுதிவைப்பதையும் விற்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் உச்சம் 10,000. மலிவு என்பதாலேயே "இப்போதே எழுதிவிடலாமே" என்ற பேச்சு வருகிறது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட்டைத் திரும்ப வாங்க வழக்காட வேண்டும். எழுதியே ஆக வேண்டுமென்றால் இருவருக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அப்போது முதலில் பார்ப்பது அந்த நிபந்தனையைத்தான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பெற்றோர் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டது உண்மை. ஆனாலும் எழுதியிருப்பது எழுதாததைவிட மேல்.

விற்றால் மூலதன ஆதாய வரி. 2001-க்கு முன் கட்டிய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். எடுத்துக்காட்டாக, 2001 மதிப்பு 15 லட்சம், 2025–26-இல் விற்ற விலை 80 லட்சம். பணவீக்கக் குறியீடு இல்லாமல் ஆதாயம் 65 லட்சம், 12.5 விழுக்காட்டில் வரி 8,12,500. குறியீட்டோடு (2001-இல் 100 என்றால் 2025–26-இல் 376) அடக்கவிலை 56.4 லட்சமாகிறது, ஆதாயம் 23.6 லட்சம், 20 விழுக்காட்டில் வரி 4,72,000. அதே வீட்டின் 2001 மதிப்பு 8 லட்சமாக இருந்தால் முதல் கணக்குதான் குறைவாக வரும். எனவே அனுமதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்புச் சான்று வாங்கியபின் விலை பேசுங்கள். இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி இல்லை. வாடகைக்கு இருந்து பார்க்க நினைப்பவர் இந்தக் கெடுவை மறந்துவிடுகிறார், இங்கும் வரிசைதான்: இருந்து பார்த்துவிட்டு விற்றால் இரண்டு வருடம் முழுதாகக் கையில் இருக்கும்.

விலை படிந்தபின் பத்திரப்பதிவில் நிற்பது பெரும்பாலும் பட்டா. தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ், சகோதரிகளின் கையெழுத்து என்று மாதங்கள் போகும். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் இந்த வருடமே சரிபார்த்து வைக்கலாம்.

வந்த பணத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி 8.2 விழுக்காடாக இருக்கும்போது அது மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். சிறிய ஃப்ளாட்டின் வாடகை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். 'வாடகைக்கு இருப்பது பணத்தை வீணாக்குவது' என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

## பரணில் இருப்பவை

ஐந்து அறைச் சாமான் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குள் போகாது. மூன்று மாதம் ஒதுக்கி, போட்டோ ஆல்பத்தில் தொடங்காமல் சமையலறைப் பரணில் தொடங்குங்கள். ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. அண்டா, குண்டான், இரண்டாவது கிரைண்டர், பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகள்: பிள்ளைகளுக்கு போட்டோ அனுப்பி, "பதினைந்து நாளுக்குள் வேண்டியதைச் சொல்லுங்கள்" என்று தேதி வைத்துக் கேளுங்கள். பதில் வராதவை பாத்திரக் கடையில் எடைக்குப் போகட்டும். கொலு பொம்மைகளை மட்டும் முதலில் யார் எடுப்பது என்று பேசிவிட்டு மரப்பெட்டியில் வைக்கோல் போட்டுத் தனியாக அனுப்புங்கள், மூவர்ஸ் லாரியில் அவை பிழைப்பதில்லை. பீரோவும் தேக்குக் கட்டிலும் புது ஃப்ளாட்டின் படித் திருப்பத்தில் திரும்புமா என்று அளந்துவிட்டே ஏற்றுங்கள்.

சோதனைக்காகப் போகும் ஆறு மாதத்துக்கு ஊர் வீட்டைப் பூட்டும்போது மேல்தொட்டியைக் காலிசெய்து, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, ஃப்ரிட்ஜைத் துடைத்துத் திறந்து வையுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். நகையும் பத்திரமும் வங்கி லாக்கரில். லாக்கர் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

ஆறாவது மாதம் முடிவெடுக்க உட்காரும்போது அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். அப்பா முன்னால் கேட்டால் அம்மா "எனக்கு எங்கே இருந்தாலும் சரி" என்றுதான் சொல்வார்.